ஊர்ப் பிள்ளையைத் தத்தெடுக்க: காசும் கடதாசியும்

மாதத்தில் ஒருவராவது அழைப்பெடுத்துக் கேட்கிறார்கள். "அக்கா, நீங்கள் அந்த அலுவல் பார்த்தனீங்கள்தானே, மொத்தமாய் எவ்வளவு முடியும்?" ஊரிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துக் கனடாவுக்குக் கூப்பிட ஆகும் செலவைத்தான் கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற விடயமல்ல என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கதை இதுதான். தங்கையின் கணவர் 2009 மாசியில் செல் விழுந்து இறந்தார். தங்கை அந்த வைகாசியில் வட்டுவாகலில் ஒன்றரை வயது மகளை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு இராணுவத்திடம் சரணடைந்தவள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மாவும் பிள்ளையும் செட்டிகுளம் முகாமில் இருந்து, பின்னர் கிளிநொச்சிக்குத் திரும்பினார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 2013 இல், ஸ்காபரோவில் இருந்த நானும் கணவரும் பெறாமகளை எங்கள் பிள்ளையாக எடுப்பது என்று முடிவெடுத்தோம்.

முதலில் தத்தெடுப்பைப் பற்றி நாங்கள் யோசிக்கவேயில்லை. பெற்றாரை இழந்த பெறாமக்கள், மருமக்கள், சகோதரர், பேரப்பிள்ளைகளைப் பதினெட்டு வயதுக்குள் நேரடியாகப் பொறுப்பேற்றுக் கூப்பிட கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் இடமுண்டு. அதுவே இலேசான வழி. ஆனால் தாய், தகப்பன் இருவரும் இறந்திருக்க வேண்டும். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால் இந்த வழி பொருந்தாது. காணாமலாக்கப்பட்டவரின் பிள்ளை அந்தக் கணக்கில் அநாதை அல்ல.

அப்போது ஒரு உறவினர் சொன்னார்: "மரணச் சான்றிதழ் எடுங்கோ, அலுவல் முடிஞ்சுது." ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்தது உண்மைதான். அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. காணாமற்போனமைக்கான சான்றிதழ் 2016 இல் செய்த திருத்தத்தோடுதான் வந்தது. வங்கிக் கணக்கு, சொத்து, கொடுப்பனவு போன்ற அலுவல்களுக்கு அது உதவும். ஆனால் அது மரணத்தை உறுதிப்படுத்தும் பத்திரம் அல்ல; மேலே சொன்ன குடிவரவு வழிக்கு அது போதாது.

எஞ்சியது முறைப்படியான மகவேற்பு. இலங்கையில் இதற்கான கட்டளைச்சட்டம் 1941 ஆம் ஆண்டினது. பிள்ளை பதினான்கு வயதுக்குக் கீழ் இருக்கவேண்டும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதமும் தேவை. பெற்றாரின் சம்மதம் வேண்டும், ஆனால் அவரைக் கண்டுபிடிக்க முடியாதவிடத்து அந்தச் சம்மதம் இல்லாமலே தீர்மானிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குடிவரவு விதி அடைத்த கதவை இந்தப் பழைய சட்டம் திறந்து வைத்திருந்தது எங்களுக்கே ஆச்சரியம். இலங்கையும் கனடாவும் 1993 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால், சொந்தக்காரப் பிள்ளை என்றாலும் அலுவல் இரண்டு நாட்டு அதிகாரிகள் ஊடாகத்தான் போகவேண்டும். இலங்கையில் அது நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம். முன்பின் தெரியாத பிள்ளையை எடுப்பதானால், பிள்ளையைத் தெரிவு செய்வதும் அவர்கள்தான், நாங்கள் அல்ல.

இனிச் செலவு. ஒன்ராறியோவில் அரசு அங்கீகரித்த சமூகப் பணியாளர் வீட்டாய்வு செய்யவேண்டும், 27 மணித்தியாலப் பயிற்சி ஒன்றும் உண்டு. இவற்றுக்கே சில ஆயிரம் டொலர் போய்விடும். பொலிஸ் அறிக்கை, வைத்திய அறிக்கை, மொழிபெயர்ப்பு, இரு பக்கச் சட்டத்தரணிகள், விமானச் சீட்டு, நீதிமன்றத் தவணைகளுக்காக ஊரில் தங்கும் செலவு எல்லாம் வேறு. மத்திய அரசின் வரிச்சலுகையை நம்பிக் கடன்படவேண்டாம். 2024 இல் ஒரு பிள்ளைக்கு 19,066 டொலர் வரையான செலவைக் காட்டலாம், ஆனால் கழிவது அதில் 15 வீதம். ஆகக்கூடியது ஏறத்தாழ 2,860 டொலர். அதுவும் தத்தெடுப்பு நிறைவேறிய பிறகுதான். பாதியில் நின்றால் ஒன்றுமில்லை.

எங்களுக்கு இடித்தது வேறொன்று. சேமிப்பு முழுவதும் சீட்டில் இருந்தது. கணவரின் இரண்டாவது வேலை கையில் காசு. சமூகப் பணியாளரிடம் காட்ட எங்களிடம் ஒரு கடதாசியும் இல்லை. பிள்ளை வந்த பின் எடுக்கும் பெற்றார் விடுப்புப் பணமும் (தத்தெடுப்பவருக்குப் பிரசவக் கொடுப்பனவு கிடையாது) பதிவில் உள்ள வேலைக்கே கிடைக்கும். ஆகவே இந்த எண்ணம் இருந்தால் இரண்டு வருடம் முன்னரே வருமானத்தை வங்கிக்குக் கொண்டுவாருங்கள்.

இடைத்தரகர் பற்றியும் சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து ஒருவர் "எல்லாம் சேர்த்து ஒரு தொகை" என்றார். இன்னொரு தாயின் பிள்ளையை எடுக்கலாம், அவளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் கையெழுத்து வைப்பாள் என்றும் சொன்னார். காசு கொடுத்து வாங்கிய சம்மதத்தை ஹேக் உடன்படிக்கை சம்மதமாகக் கொள்வதில்லை. எழுபது, எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் போனார்கள். அவர்களில் பலரின் பிறப்புச் சான்றிதழ் பொய், நீதிமன்றத்தில் தாயாக நின்றவள் கூலிக்கு வந்தவள். இன்று நாற்பது வயதில் அந்தப் பிள்ளைகள் தாயைத் தேடி இங்கே வந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். போரில் கணவனை இழந்து கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணிடம் யாரும் இப்படிக் கையெழுத்துக் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்.

பயிற்சியில் என்னை உலுக்கிய கேள்வி ஒன்று இருந்தது. பிள்ளையிடம் தாயைப் பற்றி யார், என்ன சொல்லப்போகிறீர்கள்? அதுவரை நான் யோசித்தது குளிர்ச்சட்டை, பள்ளிக்கூடம், தனி அறை. அம்மம்மாவைப் பிரிவது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு இழப்பு என்பதையும் அங்கேதான் விளங்கிக்கொண்டேன். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையோடு கதைத்தேன். அவள் கதைப்பதைவிட அம்மாவின் மூச்சுத்தான் கூடக் கேட்கும்.

வீட்டாய்வு முடிந்து, கோப்பு அனுப்ப இருந்த கிழமை அம்மாவுக்கு முழுவதையும் விளங்கப்படுத்தினேன். மகவேற்புக் கட்டளை கிடைத்ததும் தங்கையின் தாயுரிமை சட்டப்படி முடிந்துவிடும், நான்தான் தாய் என்று பதிவாகும் என்றேன். அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு கேட்டா: "அவள் வந்து பிள்ளை எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

நாங்கள் கோப்பை அனுப்பவில்லை. அதுவரை போன காசு போனதுதான். இதை இப்படிச் செய் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இறந்தது நிச்சயமாகத் தெரிந்த குடும்பங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு நல்லாய் வளர்க்கிறார்கள். ஆனால் என்னிடம் கேட்கிறவர்களிடம் செலவைச் சொல்லமுன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையின் தாய், தகப்பனுக்கு என்ன நடந்தது, அதற்கு என்ன கடதாசி இருக்கு, ஊரிலுள்ள பெரியவர்கள் அதற்குச் சம்மதமா?

சீட்டில் எடுத்த காசு பிறகு மாதம் மாதம் கிளிநொச்சிக்குப் போனது. பெறாமகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.