பாடப் புத்தகத்தைப் பேச வைத்த வாத்தியார்

2020 டிசம்பர் 3. கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து இணையவழியில் ஒரு பெயரை அறிவித்தார் நடிகர் ஸ்டீபன் ஃப்ரை: ரஞ்சித்சிங் டிசலே. மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில், மாடா வட்டத்தைச் சேர்ந்த பரித்தேவாடி கிராமத்தின் ஜில்லா பரிஷத் தொடக்கப் பள்ளி ஆசிரியர். வார்க்கி அறக்கட்டளை யுனெஸ்கோவுடன் சேர்ந்து வழங்கிய உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. தொகை 10 லட்சம் டாலர். அதில் பாதியை, தன்னோடு இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கப்போவதாக அப்போதே சொல்லிவிட்டார் டிசலே.

மறுநாள் நாளிதழ்களில் அந்தப் பாதித் தொகைதான் தலைப்புச் செய்தி. பெரிய மனசுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நம் ஊர் வகுப்பறைகளுக்கு உதவக்கூடிய விஷயம் அந்த மேடையில் இல்லை. 2009இல் அவர் பரித்தேவாடியில் கால் வைத்ததிலிருந்து செய்த வேலைகளில் இருக்கிறது.

அவர் போய்ச் சேர்ந்தபோது பள்ளி என்று இருந்தது ஓர் இடிந்த கட்டடம். ஒரு பக்கம் மாட்டுத் தொழுவம், மறுபக்கம் சாமான் போட்டு வைக்கும் கிடங்கு. பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே அபூர்வம். சிறு வயதிலேயே கல்யாணம் செய்து கொடுப்பது வழக்கமாக இருந்த ஊர். கர்நாடக எல்லையை ஒட்டிய மாவட்டம் சோலாப்பூர். அங்கே வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் உண்டு. புத்தகம் ஒரு மொழியில், வீடு வேறொரு மொழியில் என்றால், ஒன்றாம் வகுப்புக் குழந்தை புத்தகத்தைத் திறந்ததுமே அந்நிய ஊரில் தனியாக விடப்பட்டதுபோல விழிக்கும். டிசலே முதலில் செய்தது, ஊரோடு வந்து குடியேறியது. அடுத்தது, கன்னடம் கற்றுக்கொண்டது.

கணினி, செயலி எல்லாம் அதற்குப் பிறகுதான். வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றிய கருத்தரங்குகளில் இவர் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அந்தப் பேச்சு நேராக கியூஆர் கோடில்தான் தொடங்குகிறது. கன்னடம் கற்றதைச் சொல்லாமல் கியூஆர் கோடை மட்டும் சொன்னால் பாதிக் கதை போய்விடும். எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை, ஏன் புரியவில்லை என்று பிள்ளையின் மொழியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான், கோடுக்குப் பின்னால் என்ன வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது.

அவர் வைத்தது இதுதான். ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான பாடப் புத்தகங்களை எடுத்துக்கொண்டார். பாடங்களைப் பிள்ளைகளின் தாய்மொழிக்குக் கொண்டுவந்ததோடு நிற்காமல், பக்கங்களில் கியூஆர் கோடுகளையும் சேர்த்தார். ஒரு கோடைப் போனில் காட்டினால் பாட்டு ஒலிக்கும். இன்னொன்றில் பாடம் நடத்தும் காணொளி வரும். வேறொன்றில் கதையோ பயிற்சியோ இருக்கும். பள்ளிக்கு வர முடியாமல் போன பிள்ளைக்கும் வீட்டில் ஒரு போன் இருந்தால் பாடம் கிடைத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளைக்குப் பாடம் கேட்கக் கொடுக்கலாம். பிள்ளை பாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், திட்டு வாங்காமல்.

இந்தக் கியூஆர் கோடு பள்ளிக்கூடத்துக்காகப் பிறந்ததல்ல. ஜப்பானில் டென்சோ நிறுவனப் பொறியாளர் மசாஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரி பாகங்களைத் தொழிற்சாலையில் கணக்கு வைப்பதற்காக 1994இல் உருவாக்கியது. கோ ஆட்டப் பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்ததாக ஹாரா சொல்லியிருக்கிறார். காப்புரிமை இருந்தும் நிறுவனம் யாரிடமும் பணம் கேட்கவில்லை. அதனால்தான் பூக்கடை வரைக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

கோடைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்று மூலைகளில் மட்டும் பெரிய சதுரங்கள் இருக்கும், நான்காவது மூலையில் இருக்காது. எது மேல், எது கீழ் என்று போன் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். ஆகவே புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் வேலை செய்யும். அதோடு, அதே தகவலை மீட்டெடுப்பதற்கான கணக்கும் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதன் உச்ச அளவில் அச்சிட்டால், சுமார் 30 சதவீதம் வரை அழிந்துபோனாலும் மிச்சத்தை வைத்துப் படித்துவிடலாம். தொழிற்சாலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது போலவே சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தில் குழம்புக் கறை இருக்கும். பென்சிலால் கிறுக்கி, மூலை மடங்கி, மழையில் நனைந்து கிடக்கிற புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியைத் தேடினாலும் கிடைக்காது. அச்சிடுவதற்கும் தனிச் செலவு கிடையாது. விலை உயர்ந்த கருவியை ஊருக்குள் கொண்டுவராமல், ஊரில் ஏற்கனவே இருந்த போனையும் புத்தகத்தையும் இணைத்தார் டிசலே. என் கணிப்பில் அவருடைய கெட்டிக்காரத்தனம் இதில்தான் இருக்கிறது.

விளைவு? சிறு வயதுக் கல்யாணம் அந்த ஊரில் நின்றுவிட்டது, பெண் பிள்ளைகள் முழு வருகை தருகிறார்கள் என்று பரிசு கொடுத்த அறக்கட்டளை பதிவு செய்தது. பின்னாளில், படிக்கச் சிரமப்படும் சிறப்புக் குழந்தைகளுக்காகவும் புத்தகங்களை மாற்றியமைத்தார். சொற்களை அசை பிரித்துக் காட்டி, வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருளை இணைத்தார். வீடியோ அழைப்பு மூலம் இந்தியா–பாகிஸ்தான், இஸ்ரேல்–பாலஸ்தீனம் என்று பகை நாடுகளின் மாணவர்களைப் பேச வைத்த முயற்சியும் அவருடையது.

கியூஆர் கோடு யோசனையை அவர் மகாராஷ்டிர அரசிடம் எடுத்துச் சென்றார். 2017இல் மாநிலப் பாடநூல்கள் அனைத்திலும் கியூஆர் கோடு என்று அறிவிப்பு வந்தது. 2018இல் என்சிஇஆர்டி புத்தகங்களிலும் வரும் என்று மத்திய அரசு அறிவித்தது. அதே 2018இல் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களிலும் கோடுகள் இடம்பெற்றன. டிக்‌ஷா செயலியில் காட்டினால் பாடம் தொடர்பான காணொளிகள் திறக்கும்.

சந்தோஷப்பட வேண்டிய வளர்ச்சி. ஆனால் பரித்தேவாடியிலிருந்து மாநிலத்துக்கும், மாநிலத்திலிருந்து நாட்டுக்கும் போனபோது கோடு போய்ச் சேர்ந்தது. அந்தக் கோடுக்குப் பின்னால் தன் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டியதைத் தானே செய்து வைத்த ஆசிரியரின் உரிமை போய்ச் சேரவில்லை. தலைநகரில் தயாராகும் காணொளி ஒன்று. அதையே கூடலூர் மலைப் பிள்ளையும் பார்க்கும், ராமேஸ்வரம் மீனவர் வீட்டுப் பிள்ளையும் பார்க்கும். ஓசூர் பக்கத்தில் தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாகக் கொண்ட பிள்ளைகளும் அதையேதான் பார்க்க வேண்டும். நன்றாகத் தயாரித்த காணொளியாகவே இருக்கட்டும். அந்தப் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. வகுப்பில் இருக்கும் டீச்சருக்குத்தான் தெரியும்.

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பெரு நாடு சாட்சி. ‘பிள்ளைக்கு ஒரு லேப்டாப்’ என்ற உலகத் திட்டத்தில் அந்த நாடு 8 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளை வாங்கியது. கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை, அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்டது. முன்பு சுமார் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணினி இருந்த நிலை மாறி, ஆளுக்கு ஒன்றுக்கும் மேலேயே வந்திருந்தது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கணினியை வைத்துப் பாடத்தை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களை யாரும் போதிய அளவு தயார் செய்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் நம்மிடம் கருவிகளுக்குப் பஞ்சம் குறைந்துவருகிறது. 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்த மாநிலம் இது. உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன, 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் கைக்கு டேப்லெட்டும் வந்தது. வராதது நேரம். காலையில் வருகைப் பதிவை செயலியில் ஏற்ற வேண்டும். பிறகு எமிஸ் என்ற கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் ஒவ்வொரு பிள்ளையின் விவரமும், நலத்திட்டப் பொருட்களின் விவரமும் ஏற்ற வேண்டும். நெட் வராத பள்ளியில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நடக்க வேண்டும். இந்தப் பதிவேற்றப் பணியிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளின் கணக்கு அரசுக்கு வேண்டும்தான். அதற்காகப் பாடம் நடத்தும் ஆளையே கணக்கெழுத உட்கார வைப்பது நியாயமில்லை. பாட்டைப் பதிவுசெய்து கோடாக்கித் தரக்கூடிய அதே போன்தான் டீச்சரின் கையில் இருக்கிறது. அதில் பாடத்துக்கு என்று நேரம் மிஞ்சுவதில்லை.

டிசலேயின் பிற்காலமும் இந்தப் பிரச்சினையிலிருந்து விலகியதல்ல. 2022இல் அமெரிக்காவில் ஆய்வு செய்வதற்கான விடுப்பு தொடர்பாக அவருக்கும் மாவட்டக் கல்வி நிர்வாகத்துக்கும் உரசல் ஏற்பட்டது. அவர் சரியாகப் பணிக்கு வரவில்லை என்றது நிர்வாகம், அவர் மறுத்தார். ராஜினாமா கடிதம் கொடுக்கும் அளவுக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. உலகம் மெச்சிய ஆசிரியரையும் ஒரு ஜில்லா அலுவலகத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச நம் அமைப்பில் இடம் இல்லாமல் போனதே எனக்கு வருத்தம். புதிதாகச் செய்து பார்க்கும் ஆசிரியருக்கு விதிக்குள்ளேயே இடம் வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஒன்று ஓய்ந்துபோவார், அல்லது வெளியேறிவிடுவார்.

இங்கேயும் அப்படிச் செய்து பார்க்கும் ஆசிரியர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். சொந்தக் காசில் புரொஜெக்டர் வாங்கியவர்கள், யூடியூபில் பாடம் போடுகிறவர்கள், வாட்ஸ்அப்பில் பெற்றோருக்கு வாசிப்புப் பயிற்சியை அனுப்புகிறவர்கள். பள்ளிக் கல்வித் துறை இவர்களுக்கு விருது கொடுத்தால் மட்டும் போதாது. பதிவேற்றும் வேலையை அதற்கென்று நியமித்த ஆட்களிடம் முழுமையாக ஒப்படைக்கட்டும். வாரத்தில் ஒரு பாடவேளையையாவது, தம் வகுப்புக்கான ஒலிப்பதிவும் காணொளியும் தயாரிக்க ஆசிரியருக்கு ஒதுக்கட்டும். அவர் தயாரித்ததை, பக்கத்து ஒன்றியத்து ஆசிரியரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பாடநூலின் கோடுக்குப் பின்னால் சேர்க்க வழி செய்யட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பாடநூலில் இருக்கும் ஒரு கோடையாவது இன்று இரவு போனில் திறந்து பாருங்கள். பிள்ளையை உடன் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். திறக்கவில்லை என்றாலோ, திறந்தும் பிள்ளைக்குப் புரியவில்லை என்றாலோ, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை எழுந்து சொல்லுங்கள்.