பண்டிகைச் சரக்கு: பஞ்சாங்கத்தோடு ஆற்றையும் பார்ப்போம்

பண்டிகைக்குச் சரக்கு ஏற்றும்போது பஞ்சாங்கம் பார்ப்பது நம் வணிகர்களின் வழக்கம். நாள் தவறாமல் வந்துவிடும். ஆனால் அந்த நாளில் வாடிக்கையாளர் கையில் ரொக்கம் இருக்குமா என்பதைப் பஞ்சாங்கம் சொல்லாது. நன்னிலம் வட்டாரத்தில் அதைச் சொல்வது காவிரித் தண்ணீர்தான். இதைக் கவனிக்காத சிறு கடையின் முதல், கடன் பற்றில் முடங்கிவிடுகிறது.

ஆடிப்பெருக்கு சொல்லும் கணக்கு

ஆடி 18 அன்று முடிகொண்டான், திருமலைராஜன், அரசலாறு படித்துறைகளில் பெண்கள் கூடிப் பூஜை செய்கிறார்கள். காப்பரிசிக்குப் பச்சரிசி, வெல்லம், எள். சித்ரான்னத்துக்குப் புளி, நல்லெண்ணெய், கடலைப்பருப்பு. கூடவே மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி. எல்லாம் சிறு தொகை, பெரும்பாலும் ரொக்கம். அன்று ஆற்றில் தண்ணீர் எப்போது வந்தது, வயலில் என்ன நிற்கிறது என்பதைப் பார்த்தால் தீபாவளிக் கணக்கை அப்போதே போட்டுவிடலாம்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நடவு ஆகும். புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகி, தீபாவளிக்குப் பணம் வரும். திறப்பு தள்ளிப்போனால் குறுவை பம்புசெட் உள்ளவர்களோடு நின்றுவிடும். மற்றவர்களுக்குச் சம்பா மட்டுமே. உரத்துக்கும் நடவுக்கும் கையிருப்பைச் செலவழித்த நேரத்தில் தீபாவளி வந்து நிற்கும். அதே குடும்பம் அதே எண்ணெய், மைதா, கடலைமாவு, சர்க்கரையை வாங்கும். ஆனால் தை, மாசி வரை பற்றில்.

அணை 2012-இல் செப்டம்பர் 17 அன்றும், 2017-இல் அக்டோபர் 2 அன்றும் திறந்தது. 2017-இல் தீபாவளி அக்டோபர் 18. தண்ணீர் வந்து பதினாறாம் நாள் பண்டிகை! மாறாக 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. 2025-இல் ஜூன் 12-இல் திறந்து குறுவையும் விளைந்தது. ஆனால் அக்டோபர் மழையில் டெல்டாவின் கொள்முதல் நிலையங்கள் பலவற்றில் நெல் தேங்கியது. தீபாவளியோ அக்டோபர் 20. ஆகவே விளைச்சல் மட்டும் போதாது, மூட்டை எடை போடப்படுகிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

பஞ்சாபில் எப்படி?

கோதுமைக்குப் பேர்போன பஞ்சாபை ஒப்பிட்டால் இது நன்கு விளங்கும். அங்கே சீக்கியர்களின் வைசாகி ஏப்ரல் 13 அல்லது 14-இல், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வருகிறது. 1699-இல் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவிய நாள் அது; கோதுமை அறுவடைக் காலமும் அதுவே. தீபாவளியன்று குரு ஹர்கோவிந்தர் குவாலியர் கோட்டையிலிருந்து விடுதலையானதை 'பந்தி சோர்' நாளாகக் கொண்டாடுகிறார்கள். அப்போது நெல் அறுவடை நடந்துகொண்டிருக்கும் அல்லது முடிந்திருக்கும். ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனம் அதிகம் என்பதால் அணைத் தேதிக்காக நம் அளவு காத்திருப்பதில்லை. அறுவடையும் பண்டிகையும் ஒட்டியே வருகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை.

ரொக்கப் பண்டிகைகள்

கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் சரஸ்வதி பூஜை, விஜயதசமிக் கூட்டத்தை நம்பிப் பொரி, அவல், கடலை, வெல்லம் ஏற்றலாம். ஸ்ரீவாஞ்சியத்தில் கார்த்திகை ஞாயிறு நீராடலுக்கு எண்ணெய், திரி, கற்பூரம் போகும். இவை சில்லறை ரொக்கம். பெரிய ரொக்கம் சம்பா நெல் எடை போட்ட பிறகுதான். பொங்கலுக்குப் புத்தரிசி வந்தாலும் பலருக்குப் பணம் வருவது தை பிற்பகுதியில். திருக்கண்ணபுரம் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும் மாசி மகமும், திருவாரூர் ஆழித் தேரும் வரும்போது கடைத்தெருவின் களையே வேறு. பழைய பாக்கி வசூலுக்கும் அதுவே காலம்.

செய்யக்கூடியவை

ஒன்று: ஆவணி பிறந்ததும் வாடிக்கையாளர்களிடம் குறுவை உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவசியச் சரக்கை நிறுத்தாமல், டப்பா இனிப்பு, பரிசுப் பெட்டி வகைகளைப் பாதியாகக் குறையுங்கள்.

இரண்டு: கடன் கேட்பவரைத் திருப்பி அனுப்பினால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். பாதி ரொக்கம், பாதி பற்று என்று பேசி, தொகைக்கு ஒரு வரம்பு வையுங்கள். தவணையை 'தை முடிய' என்று சிட்டையில் அவர் முன்னாலேயே எழுதுங்கள். நடவுக் கூலி வரும் குடும்பங்களுக்கு ஐப்பசியிலும் கையில் கொஞ்சம் காசு இருக்கும். எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம்.

மூன்று: மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் பொறுப்பு உண்டு. தண்ணீர் தாமதமான ஆண்டில் சில்லறைக் கடைக்காரர் தலையில் சரக்கை ஏற்றிவிட்டு, தீபாவளிக்கு மறுநாளே வசூலுக்கு நிற்பது முறையல்ல. குறைவாக ஏற்றி, தவணையைக் கூட்டிக் கொடுப்போம். சில்லறைக் கடை மாசி வரை தாக்குப்பிடித்தால்தான் நம் பாக்கியும் வந்து சேரும்.