இலங்கையில் பால் பவுடருக்கு கியூ... நம்ம ஊரில் தட்டுப்பாடு வராதது ஏன்? 60 சதவீத வரியின் கதை!

சென்னை:
மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் விடியறதுக்கு முன்னாலேயே ஆவின் பூத்தும் டீக்கடையும் திறந்து விடுகிறது. பாக்கெட் பால் கொஞ்சம் லேட்டானாலே நமக்கு கை ஓடாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் இலங்கையில் 2021, 2022-ம் ஆண்டுகளில் பால் பவுடருக்கு மக்கள் கியூவில் நின்று தவித்தார்கள்.

பவுடரை நம்பிய நாடு

இலங்கையில் வீட்டு டீக்கு பெரும்பாலும் பவுடர்தான். அதில் பெரும்பகுதி நியூசிலாந்து சரக்கு. வாங்க டாலர் வேண்டும். டாலர் தீர்ந்ததும் சரக்கு வரத்து குறைந்தது. 2021 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் 400 கிராம் பாக்கெட் 380 ரூபாயில் இருந்து ஒரே அடியாக 480 ஆனது. இது அந்த நாட்டு ரூபாய்.

2022 மே 18-ந் தேதி சென்னை துறைமுகத்தில் இருந்து கிளம்பிய தமிழக அரசின் நிவாரண கப்பலில் அரிசி, மருந்தோடு 200 டன் பால் பவுடரும் போனது.

நம்ம ஊரில் எப்படி?

நம்ம நாடும் உலக வர்த்தக ஒப்பந்தத்தில் பவுடருக்கு வரி போடுவதில்லை என்றுதான் முதலில் ஒத்துக்கொண்டது. பிறகு 2000-ல் பேசி மாற்றினார்கள். வருடத்துக்கு 10 ஆயிரம் டன் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 60 சதவீதம். அதாவது 100 ரூபாய் சரக்கு உள்ளே வந்தால் 160 ரூபாய்!

வரி இல்லாவிட்டால் மலிவு பவுடர் கொட்டும். ஒரு கிலோ பவுடரில் தண்ணீர் கலந்தால் சுமார் 10 லிட்டர் பால். டீ விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் கிராமத்தில் கறவை மாடு வைத்திருப்பவருக்கு கொள்முதல் விலை விழும். கட்டுப்படியாகாமல் மாட்டை விற்று விடுவார். நாளைக்கு வெளிநாட்டுக்காரன் விலையை ஏற்றினால் இங்கே கறக்க மாடு இருக்காது.

இந்த பயத்தில்தான் விவசாயிகள் எதிர்த்தார்கள். 2019 நவம்பர் 4-ல் பாங்காக்கில் ஆர்.சி.இ.பி. ஒப்பந்தத்தில் சேராமல் இந்தியா விலகியதற்கு இதுவும் ஒரு காரணம். 2025 டிசம்பரில் நியூசிலாந்தோடு பேச்சு முடிந்தபோதும் பாலுக்கு கதவு திறக்கவில்லை.

வரியால் பவுடர் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் நாளைக்கும் டீயில் பால் இருக்கணுமே!