தவிட்டில் விளையும் நொதியம்

கோப்பையிலுள்ள தேத்தண்ணியின் நிறமே ஒரு நொதியத்தின் வேலைதான். கொழுந்தை உருட்டி நசித்ததும் இலைக்குள் இருக்கும் நொதியம் காற்றோடு சேர்ந்து பச்சையைக் கபிலமாக்குகிறது. தேயிலைக்கு அது இலையிலேயே கிடைத்துவிடுகிறது. சலவைத்தூளுக்கும் பழச்சாற்றுக்கும் கோழித்தீனுக்கும் வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதில் பெரும்பங்கைப் பற்றீரியாவும் பூஞ்சணமும்தான் உண்டாக்கித் தருகின்றன.

பூஞ்சணத்துக்கு வயிறு கிடையாது. தீனின்மேல் படர்ந்து, நொதியத்தை வெளியே விட்டு, அங்கேயே செமிக்கவைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே விடுவதால்தான் நாங்கள் அதைத் தண்ணீரில் ஊறவைத்தே பிரித்தெடுக்க முடிகிறது. தீனைப் பொறுத்து நொதியமும் மாறும். தவிட்டின் மாச்சத்துக்கு அமிலேசு, வைக்கலுக்கு செலுலேசும் சைலனேசும், எண்ணெய்ப்பசை மிஞ்சிய தேங்காய்ப் புண்ணாக்குக்கு லிப்பேசு.

இதை முதலில் வியாபாரமாக்கியவர் ஜொகிச்சி தக்கமீனே என்ற ஜப்பானியர். அவரது நாட்டில் சாக்கே மது தயாரிக்க அரிசியில் வளர்த்துவந்த அஸ்பர்ஜிலஸ் ஒரைசே என்ற பூஞ்சணத்தை அமெரிக்காவில் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, 1894இல் காப்புரிமை எடுத்தார். பார்க்-டேவிஸ் கம்பனி அதைச் செமிபாட்டு மருந்தாக விற்றது. இரண்டாம் உலகப்போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை உக்கவைத்த பூஞ்சணமோ இன்னொரு கதை. ட்ரைக்கோடெர்மா ரீசி என்ற அதுதான் இன்று செலுலேசுக்குப் பேர்போனது.

தவிட்டில் நொதியம் விளைவிக்கும் செய்முறை பார்வைக்கு எளிது. தவிட்டை நனைத்துக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கால் தண்ணீர் சொட்டக்கூடாது. அதை 121 பாகை செல்சியஸ் நீராவியில் கிருமிநீக்கி, ஆறவிட்டு, பூஞ்சண வித்தைத் தூவித் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்புவார்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளை நூல் படர்ந்து தவிட்டைப் பாய்போலக் கட்டிவிடும். பச்சையோ கறுப்போ பிடித்தால் வித்துவிடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தக்க நாளில் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் நொதியம் சாற்றோடு வந்துவிடும்.

தொல்லை சூட்டில்தான் இருக்கிறது. வளரும் பூஞ்சணம் தானே வெப்பத்தைக் கக்கும். தவிடோ வெப்பத்தை இலேசில் வெளியே விடாது. தடிப்பாகப் பரப்பினால் நடுப்பகுதி கொதித்துப் பூஞ்சணம் சோர்ந்துவிடும், பற்றீரியா புகுந்து நாறவைக்கும். காற்றடித்துக் குளிர்த்தினால் தவிடு காய்ந்துபோகும். சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சியில் இதைச் செய்பவருக்கு வெக்கையும் வறட்சியும் ஒன்றாகவே வந்து சேரும். ஆய்வுகூடத்தில் ஒரு குடுவையில் சரிவந்தது, நூறு கிலோவில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூலப்பொருள் மலிவு என்று எழுதுகிறவர்களிடம் எனக்கொரு கேள்வி உண்டு. தவிடு இங்கே சும்மாவா கிடக்கிறது? மாடும் கோழியும் தின்கின்றன, மில்லுக்காரர் விலை வைத்துத்தான் விற்கிறார். உண்மையில் மலிவானவை உமியும், அறுவடைக்குப் பிறகு வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கலும். உமியில் சிலிக்கா அதிகம், அதைத் தின்று பூஞ்சணம் கொழுக்காது. ஆனால் காற்றோட்டம் தரும் தாங்கியாக உதவும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர். கபிலனும் வசந்தி அரசரட்ணமும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் உமியை அப்படித்தான் பயன்படுத்தினார்கள். அவர்கள் வளர்த்தது பசிலஸ் பூமிலஸ் என்ற பற்றீரியா, எடுத்தது சைலனேசு. பூஞ்சணத்துக்கும் அதே உபாயம் பொருந்தும். அதே பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில், நெல்வயல்களுக்குக் கிட்டத்தான்.

என் கணிப்பில் கிளிநொச்சி உள்ளிட்ட வன்னிக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது பைற்றேசு. அரிசித் தவிட்டிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதி பைற்றேற்றாகக் கட்டுண்டு கிடக்கும், கோழியால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. தின்றது எச்சத்தோடு போய்விட, பண்ணைக்காரர் பொசுபேற்று உப்பைக் காசு கொடுத்து வாங்கித் தீனில் கலக்கிறார். கட்டை அவிழ்ப்பது பைற்றேசு. அஸ்பர்ஜிலஸ் நைகரில் உற்பத்தியான பைற்றேசு 1991இல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. அந்தப் பூஞ்சணம் தவிட்டிலும் நன்றாக வளரும்.

அதற்காகப் புளித்த தவிட்டில் தானாகப் பூத்ததை எடுத்துக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள். கச்சானில் அஃப்லாரொக்சின் நஞ்சை உண்டாக்கும் அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ், தக்கமீனேயின் பூஞ்சணத்துக்கு மிக நெருங்கிய உறவு. வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். வித்து, அடையாளம் உறுதிசெய்த ஆய்வுகூடத்திலிருந்துதான் வர வேண்டும்.