அனிமே புதுமை இழந்துவிட்டதா?

ஜப்பானிய அனிமே தொடர்கள் இப்போது ஒரே அச்சில் வார்த்தவை போலிருப்பதாகத் தோழியர் குறைகூறுகின்றனர். இறந்தவன் மாய உலகொன்றில் மறுபடி பிறக்கும் கதைகள் பெருகியிருப்பது உண்மையே. பல நிறுவனங்கள் கூட்டாக முதலிட்டுத் தயாரிப்பதால், நட்டத்துக்கு அஞ்சி, ஏற்கனவே வாசகரைக் கவர்ந்த சித்திரக்கதைகளையும் இணைய நாவல்களையும் நாடுகின்றன.

ஆயினும் 1963இல் ஒளிபரப்பான ‘அஸ்ட்ரோ போய்’ தொடரும் ஒசாமு தெசூகாவின் சித்திரக்கதையிலிருந்தே பிறந்தது. எனவே கதையை இரவல் பெறுவது குற்றமாகாது. 2023இல் வெளிவந்த ‘ஃபிரீரென்’ தொடரின் மூலமும் சித்திரக்கதையே. ஆனால் அரக்க மன்னனை வென்ற பின்னரே அக்கதை தொடங்குகிறது. நெடுங்காலம் வாழும் நாயகி, தோழன் இறந்த பின்பே அவனை அறிந்துகொள்ளவில்லையென அழுகிறாள்.

பழைய கதையையும் புதிய இடத்திலிருந்து பார்ப்பதையே நான் புதுமை என்பேன்.