இரண்டு அம்ஸ்ரர்டாம்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் பாதைப் படகுக்குக் காத்து நிற்கிறபோது எதிரே தெரியும் காரைநகர் ஒரு கோடுதான். பனைகள் மட்டும் இல்லையென்றால் அங்கே ஊர் இருப்பதே தெரியாது. ஒல்லாந்திலிருந்து மருமகள் அனுப்பிய தபாலட்டை அன்று என் சட்டைப்பைக்குள் இருந்தது. அதிலும் இதே காட்சிதான். பனை நிற்கவேண்டிய இடத்தில் காற்றாலை நின்றது.

1640 அளவில் ஒல்லாந்த ஓவியர் றெம்பிரான்ட் செப்புத்தகட்டில் பொறித்த அம்ஸ்ரர்டாம் துறைமுகநகரக் காட்சி அது. அசல் அச்சும் ஏறக்குறைய தபாலட்டை அளவுதான்: 11 சென்ரிமீற்றர் உயரம், 15 சென்ரிமீற்றர் அகலம். ஒல்லாந்தர் நமது காரைநகருக்கு இட்ட பெயரும் அம்ஸ்ரர்டாம். வேலணைத் தீவை லைடன் என்றார்கள், நயினாதீவை ஹார்லெம் என்றார்கள். எல்லாம் உதிர்ந்துபோய், நெடுந்தீவில் மட்டும் டெல்ஃப்ற் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படியான செப்புத்தகட்டுப் படங்கள் உருவாகும் விதம் ஏடு எழுதிய பரம்பரைக்கு எளிதில் விளங்கும். எழுத்தாணியால் ஓலையைக் கீறி, மைக்கரி பூசித் துடைத்தால், கரி கீறலுக்குள் மட்டும் தங்கும். இங்கே ஓலைக்குப் பதில் செம்பு. ஆனால் செம்பைக் கையால் கீறுவதில்லை. தகட்டின்மேல் மெழுகு பூசி, அந்த மெழுகை மட்டும் ஊசியால் விலக்கிவிட்டு அமிலத்தில் இடுவார்கள். ஊசி போன வழியெல்லாம் அமிலம் செம்பை அரிக்கும். கைக்குப் பாரமே இல்லை, அதனால் கோடு பேச்சுப்போல ஓடும். பிறகு மை தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாள் வைத்து அழுத்தி எடுப்பார்கள். அச்சில் வலம் இடமாகிவிடும். றெம்பிரான்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து அட்டையை அலுமாரிக் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். அம்ஸ்ரர்டாம் தன் சரியான பக்கத்துக்குத் திரும்பியது.

படத்தில் இடது ஓரத்தில் ஒரு கோபுரம் இருக்கிறது. ஹெரிங் மீனை உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்தவர்களின் பெயரால் அழைக்கப்பட்ட கோபுரம் அது. தள்ளி ஒரு பெரிய கட்டடம், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பண்டகசாலை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து இந்தத் தீவுகளுக்குப் பெயர் வைக்கப்போகும் கம்பனி, இங்கே நகத்தளவில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. முன்னால் ஈர நிலமும் புல்லும். மேலே வானம், அதில் ஒரு கோடுகூட இல்லை. மேகம் போட இடமிருந்தும் போடாமல் விட்ட அந்தக் கையைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நமது கரைகளையும் ஒல்லாந்தர் செம்பில் பொறித்தார்கள். 1658இல் ஒல்லாந்தப் படையோடு யாழ்ப்பாணம் வந்த பாதிரியார் பால்தேயஸின் நூல், 1672இல் அம்ஸ்ரர்டாமில் படங்களோடு அச்சானது. கோட்டைகள், கப்பல்கள், தீவுகளின் வரைபடம் எல்லாம் அதில் உண்டு. வரலாற்றுக்கு அவை பெரிய சொத்து. ஆனாலும் கப்பல் தட்டில் நின்று பார்த்த கண் அது. எங்கே நங்கூரமிடலாம், எங்கே பீரங்கி இருக்கிறது என்று கணக்கெடுக்கும் கண். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே நிற்கும் கடற்கோட்டைக்கு ஹமன்ஹீல், அதாவது பன்றித்தொடையின் குதி, என்று பெயர் வைத்ததும் வரைபடத்தைப் பார்த்துத்தான். இலங்கை முழுவதும் அவர்களுக்கு ஒரு பன்றித்தொடையாகத் தெரிந்தது! தன் ஊரை வரைய நகரத்துக்கு வெளியே நடந்துபோய்ச் சேற்றுநிலத்தில் நின்றவன் றெம்பிரான்ட். அந்த நிற்பு பால்தேயஸின் படங்களில் இல்லை.

காரைநகரை அப்படிப் பொறிக்க ஒருவர் வந்தால் கோட்டைப்பக்கம் போகவேண்டாம் என்பேன். விடியற்காலையில் பொன்னாலைப் பாலத்துக்கு வரட்டும். இரு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் சிறகுவலைக்கு நட்ட தடிகள், ஒவ்வொரு தடிக்கும் கீழே அசையாமல் அதன் நிழல். ஒரு தடியில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்கிறது. தூரத்தில் ஒருவர் வள்ளத்தைக் கோலால் தாங்கிக்கொண்டு போகிறார். தாளின் மேல் முக்கால்வாசியை வெறுமனே விட்டுவிடலாம்.