ஒரு புள்ளியில் முடிந்த பருவம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-இல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுத் திறமைக்கென்று உதவித்தொகை தரக்கூடாது. குடும்ப வருமானத்தையும் படிப்பையும் பார்த்துத் தரும் சலுகைகள் எல்லா மாணவருக்கும் போல இவர்களுக்கும் உண்டு, அவ்வளவுதான். இந்தப் பிரிவில் சுமார் 240 கல்லூரிகள் அமெரிக்கக் கால்பந்து ஆடுகின்றன. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும்தான் இந்த ஆட்டத்தின் உயிர். காசுக்காக அல்லாமல் ஆட்டத்துக்காகவே ஆடுகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அது இந்தப் பிரிவில்தான்.

பருவம் ஆகஸ்டில் பயிற்சியோடு தொடங்கும். செப்டம்பர் முதல் நவம்பர் நடு வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், பொதுவாக ஓர் அணிக்குப் பத்து ஆட்டங்கள். பெரும்பாலானவை பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்குள் நடப்பவை. கூட்டமைப்பில் முதலிடம் பெறும் அணி நாக்-அவுட் சுற்றுக்கு நேரடியாகத் தகுதி பெறும். மீதி இடங்கள் மற்ற அணிகளுக்குக் கிடைக்கும்.

தேசியப் பட்டத்துக்குச் சமமாக மதிக்கப்படும் பகைமைகளும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் அரைமணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் கோர்ட்லண்டும் இத்தாகாவும் 1959 முதல் ஒரு ஜாடிக்காக மோதிவருகின்றன. 2019-இல் மெட்லைஃப் அரங்கில் நடந்த அந்த ஆட்டத்துக்கு 45,161 பேர் திரண்டார்கள். மூன்றாம் பிரிவில் அதற்குமுன் எந்த ஆட்டமும் அவ்வளவு கூட்டத்தைக் கண்டதில்லை.

இறுதி ஆட்டத்தின் பெயர் ஸ்டாக் பௌல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பயிற்சியாளராக இருந்து, 102 வயது வரை வாழ்ந்த அமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் நினைவாக வைத்த பெயர் அது. அந்தக் கோப்பை சில கைகளிலேயே சுற்றிவந்தது. ஓஹையோவின் மவுண்ட் யூனியன் 13 முறை வென்றிருக்கிறது. 2005 முதல் 2011 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து மவுண்ட் யூனியனும் விஸ்கான்சின்-ஒயிட்வாட்டரும்தான் இறுதியில் சந்தித்தன. புதிய அணி உள்ளே நுழைவது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அதனால்தான் 2023-ஆம் ஆண்டுப் பருவம் தனித்து நிற்கிறது. 32 அணிகள் நாக்-அவுட்டில் நுழைந்தன. இல்லினாய் மாநிலத்தின் நார்த் சென்ட்ரல் முந்தைய ஆண்டின் சாம்பியன். அந்தப் பருவத்தில் தோல்வியே காணாமல் இறுதிக்கு வந்தது. எதிரே, பட்டம் எதையும் அதுவரை வெல்லாத கோர்ட்லண்ட். டிசம்பர் 15 அன்று வர்ஜீனியாவின் சேலம் நகரில் ஆட்டம். கடைசி நிமிடங்களில் கோர்ட்லண்ட் 38-31 என்று முன்னிலையில் இருந்தபோது நார்த் சென்ட்ரல் பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து, அதாவது டச் டவுன் அடித்து, 37-ஐ எட்டியது. டச் டவுனுக்குப் பிறகு பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுக்கலாம். அல்லது மறுபடியும் எல்லைக்கோட்டைக் கடந்து இரண்டு புள்ளி எடுக்க முயலலாம். உதைத்திருந்தால் ஆட்டம் சமநிலையில் நின்றிருக்கும். நார்த் சென்ட்ரல் இரண்டு புள்ளிக்குத் துணிந்தது. முயற்சி பலிக்கவில்லை. கோர்ட்லண்ட் 38-37 என்ற கணக்கில் வென்றது. தோற்ற அணியின் முடிவைக் குறைசொல்ல முடியாது. வெற்றிக்காகவே எடுத்த முடிவு அது.

2024-இல் நாக்-அவுட் அணிகளின் எண்ணிக்கை 40 ஆனது. அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் 2025 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்தது. நார்த் சென்ட்ரல் மவுண்ட் யூனியனை 41-25 என்று வென்று பட்டத்தை மீட்டுக்கொண்டது.